கூடலுக்கு வராதவன்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நெருங்குகிறவர் கண்ணில் படுவன நீண்ட சுற்றுச்சுவர்களும், கண்டெய்னர் லாரிகளும், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வெள்ளைப் பேருந்துகளும்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று உலகத்தின் பாதிச் சாமான்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் பூட்டப்பட்டு வெளியே போகின்றன. இந்தப் பேருந்துகளில் ஒன்றில் பல வருடங்கள் போய்வந்தவன் நான். சாலையிலிருந்து வடக்கே சிறிது விலகினால் மணிமங்கலம் என்ற ஊர் இருக்கிறது என்பதும், அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் சுவரில் பதினோராம் நூற்றாண்டின் மிகப் பெரிய ராஜதந்திரச் சண்டை ஒன்றின் செய்தி வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. அதுவும் ஊரைப் பார்த்துத் தெரிந்ததல்ல. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ச் பதிப்பித்த பாடத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது.

அந்தச் சுவரில் சோழர்களின் மூன்று கல்வெட்டுகள் முக்கியமானவை. முதலாம் ராஜேந்திரனின் மூன்று புதல்வர்களும் அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள். மூத்தவன் ராஜாதிராஜன், அடுத்தவன் இரண்டாம் ராஜேந்திரன், பிறகு வீரராஜேந்திரன். மூவருக்கும் ஒரே எதிரி: மேலைச் சாளுக்கிய அரசன் முதலாம் சோமேஸ்வரன். ஆகவமல்லன் என்று சோழர் கல்வெட்டுகள் சொல்வது அவனைத்தான். மூவரின் போர்ச் செய்திகளும் மணிமங்கலத்தில் ஒரே கோயிலில் கிடைக்கின்றன. ஒரு குடும்பம் தன் பக்கத்து வீட்டுக்காரனோடு போட்ட வழக்கின் கட்டு முழுவதும் ஒரே அலுவலகத்தில் கிடைத்ததைப் போன்றது இது. ஆனால் கட்டில் இருப்பது வாதியின் மனுக்கள் மட்டுமே. பிரதிவாதியின் பதில் மனு இங்கே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அந்தப் பதில் மனுவைப் பற்றித்தான்.

வழக்கு என்ன? வடக்கே துங்கபத்திரையும் கிருஷ்ணையும். தெற்கே காவிரி. கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியர்களுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழர்களுக்கும் நடுவே துங்கபத்திரை ஏறத்தாழ எல்லைக்கோடாக இருந்தது. ஏறத்தாழ என்கிற சொல் இங்கே முக்கியம். எந்த உடன்படிக்கையும் அந்த நதியை எல்லை என்று வரைந்து வைத்ததாகத் தெரியவில்லை. ஒருவன் படையெடுத்து ஆற்றைக் கடந்து ஊர்களைக் கொளுத்திவிட்டுத் திரும்புவான். மற்றவன் அடுத்த வருடம் அதையே செய்வான். ராஜாதிராஜன் காலத்தில் துங்கபத்திரைக் கரையிலிருந்த கம்பிலி அரண்மனை இடிந்தது. கல்யாணபுரத்தை எரித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை ஒன்று, அந்தச் செய்தி பீடத்திலேயே பொறிக்கப்பட்டு, தாராசுரத்தில் நெடுங்காலம் நின்று இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. இதற்கு வேங்கி என்ற இன்னொரு முனையும் உண்டு. கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடையிலிருந்த வேங்கியின் கீழைச் சாளுக்கியர்கள் ரத்தத்தால் கல்யாணிக்கும், கல்யாண உறவால் சோழருக்கும் சொந்தம். அங்கே யார் அரசனாவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் துங்கபத்திரையில் யானைகள் இறங்கின.

தூதர்களும் இந்தச் சண்டையில் தப்பவில்லை. ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டுச் செய்தி ஒன்று உண்டு. ஆகவமல்லனிடமிருந்து வந்த ஆட்களில் ஒருவனுக்குத் தலையை ஐந்து குடுமியாகச் சிரைத்து, இன்னொருவனுக்குப் பெண் வேடமிட்டு, அவர்களுக்கு ஆகவமல்லன் என்றும் ஆகவமல்லி என்றும் பெயர் வைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்றை யோசிக்க வேண்டும். இதைக் கல்லில் வெட்டச் சொன்னவன் ஒரு பேரரசன். அடுத்த நாட்டுத் தூதனின் குடுமியை எண்ணிக் கல்லில் பதிப்பது வலிமையின் அடையாளமா, வேறு எதனுடைய அடையாளமா?

இனி வீரராஜேந்திரனின் கல்வெட்டுக்கு வருகிறேன். அவனுடைய ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கி.பி. 1067 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே கூடல்சங்கமம் என்ற இடத்தில் ஒரு பெரும் போர் நடந்து, அதில் சாளுக்கியரின் படையும் ஆகவமல்லனும் அவன் மக்களும் தோற்று ஓடியதாகச் சோழர் தரப்பு சொல்லியாயிற்று. இப்போது வருவது அடுத்த கட்டம். கல்வெட்டின்படி, அவமானத்தோடு உயிர் வாழ்வதைவிடச் சாவது மேல் என்று கருதிய ஆகவமல்லன், தானும் மக்களும் தோற்ற அதே கூடலையே களமாகக் குறித்து ஓலை அனுப்புகிறான். அஞ்சி அங்கே வராதவன் அரசன் அல்லன், பொய்யன் என்கிற பொருளில் அந்த ஓலை இருந்ததாம். ஓலையைக் கண்ட வீரராஜேந்திரன் மகிழ்ந்து புறப்படுகிறான். குறித்த இடத்துக்கு அருகே கரந்தை என்னும் இடத்தில் தங்குகிறான். குறித்த நாள் வருகிறது. ஆகவமல்லன் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகும் ஒரு மாதம் வீரராஜேந்திரன் காத்திருக்கிறான். எதிரி மேலைக் கடல் பக்கம் ஓடிவிட்டான் என்கிறது கல்வெட்டு. பிறகு வழக்கமான காரியங்கள் நடக்கின்றன. இரட்டைபாடி ஏழரை இலக்கம் என்று பெயர் பெற்ற நாட்டில் தீ வைக்கப்படுகிறது. துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நடப்படுகிறது. ஆகவமல்லனைப் போல் ஓர் உருவம் செய்து அதை அவமானப்படுத்துகிறார்கள். அங்கிருந்து படை வேங்கிக்குத் திரும்புகிறது.

தமிழில் காத்திருப்பைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அகத்திணையில் முல்லை முழுவதுமே காத்திருப்புதான். ஆனால் ஓர் அரசன் ஆற்றங்கரையில் பெரும்படையோடு எதிரிக்காக ஒரு மாதம் காத்திருந்தான் என்னும் இந்தச் செய்திக்கு நிகராக என்னைத் தொந்தரவு செய்த காத்திருப்பு வேறில்லை. ஒரு மாதம் ஒரு படைக்கு எத்தனை நெல் வேண்டும், யானைகளுக்கு எவ்வளவு தழை வேண்டும், அவற்றை எந்த ஊரிலிருந்து எடுத்திருப்பார்கள் என்ற கேள்விகள் ஒருபுறம். வராதவன் ஏன் வரவில்லை என்ற கேள்வி மறுபுறம். கல்வெட்டுக்கு இந்த இரண்டாவது கேள்வியே கிடையாது. வராதவன் கோழை. விஷயம் முடிந்தது.

அடுத்த கரையில் என்ன எழுதியிருக்கிறது?

1068 மார்ச் மாதத்தில், அதாவது மணிமங்கலக் கல்வெட்டு வெட்டப்பட்டு ஏறக்குறைய அரையாண்டில், சோமேஸ்வரன் இறந்துவிட்டான். போரில் அல்ல. துங்கபத்திரையில் குருவத்தி என்ற இடத்தில் இறங்கி நீரில் மூழ்கி உயிர் துறந்தான். கன்னடக் கல்வெட்டுகள் அதை ஒரு யோக மரணமாகக் குறிப்பிடுகின்றன. பில்ஹணன் தன் விக்கிரமாங்கதேவ சரிதத்தில் விரிவாகவே சொல்கிறான். மன்னனைக் கொடிய காய்ச்சல் பீடிக்கிறது. எந்த மருந்தும் பலிக்கவில்லை. முடிவு நெருங்கியதை அறிந்த மன்னன் தென்னாட்டுக் கங்கையாகிய துங்கபத்திரையில் சிவனை நினைத்தபடி உயிர்விட வேண்டுமென்று அமைச்சர்களிடம் சொல்கிறான். ஆற்றில் கழுத்தளவு நீரில் இறங்கி மறைகிறான். அவன் மகன் விக்கிரமாதித்தன் அப்போது ஊரில் இல்லை. படையெடுப்பு முடிந்து திரும்பும் வழியில் கிருஷ்ணைக் கரையில் இந்தச் செய்தி அவனுக்கு எட்டுகிறது.

கூடலுக்கு வராததையும் இந்தக் காய்ச்சலையும் இணைத்துப் பார்க்க இடமுண்டு என்பது வரலாற்றறிஞர்கள் கவனித்ததே. பில்ஹணன் காய்ச்சலுக்குத் தேதி தரவில்லை. ஆகையால் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அப்படி இருந்திருந்தால் அந்த ஒரு மாதத்தின் பொருள் தலைகீழாகிவிடுகிறது. இக்கரையில் ஒருவன் தன் வீரத்தை நிரூபிக்க நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். அக்கரையில் ஒருவன் படுக்கையில் கிடந்து வேறு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். நடுவே ஒரே ஆறு. ஒருவன் அதன் கரையில் தூண் நடுகிறான். மற்றவன் அதன் நீரில் இறங்கிவிடுகிறான். மணிமங்கலத்துச் சுவரில் நமக்குக் கிடைப்பது தூண் மட்டும்தான்.

இந்த மறுபக்கம் நம் கைக்கு வந்த கதையும் கவனிக்கத் தக்கது. பில்ஹணன் கன்னடக்காரன் அல்லன். காஷ்மீரத்திலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கல்யாணியில் விக்கிரமாதித்தனின் அவைப்புலவனாக அமர்ந்தவன். அவன் காவியத்தின் ஏட்டுப்பிரதி ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் ஒரு சமண நூல்நிலையத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. 1874-இல் பூலர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைக் கண்டெடுத்து மறு ஆண்டே பதிப்பித்தார். துங்கபத்திரையின் அக்கரைச் செய்தி மணிமங்கலத்துக்கு வந்து சேரப் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு எண்ணூறு ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

பில்ஹணனை நம்பிவிடலாமா? கூடாது. அவனும் சம்பளம் வாங்கிய புலவன்தான். அடுத்து நடந்ததைப் பாருங்கள். சோமேஸ்வரன் இறந்த பிறகு அவன் மக்கள் இருவருக்குள் பகை மூண்டது. இளையவன் விக்கிரமாதித்தனுக்கு வீரராஜேந்திரன் தன் மகளைக் கொடுத்தான். இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் யாரிடம் போனது என்பதில்தான் வேறுபாடு. பில்ஹணன் சொல்வது: விக்கிரமாதித்தனின் படைக்கு அஞ்சிய சோழன் தானாகவே தூது அனுப்பி மகளைத் தர முன்வந்தான். விக்கிரமாதித்தன் பெருந்தன்மையோடு துங்கபத்திரைக் கரைக்குப் பின்வாங்கி அங்கே மணம் முடித்தான். சோழர் கல்வெட்டுகள் சொல்வது: அடியில் வந்து புகல் கேட்ட விக்கிரமாதித்தனுக்கு இரங்கி, வீரராஜேந்திரன் அவன் கழுத்தில் இளவரசுக்குரிய கண்டிகையைக் கட்டி, இரட்டைபாடி ஏழரை இலக்கத்தையும் வென்று கொடுத்தான். ஒரே கல்யாணம். இரண்டு அழைப்பிதழ்கள். இரண்டிலும் மற்ற வீட்டார்தான் கெஞ்சுகிறார்கள். மணப்பெண்ணின் பெயரை இரண்டு தரப்பும் சொல்லவில்லை.

கொப்பத்துப் போரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1054-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. மணிமங்கலத்தில் உள்ள இரண்டாம் ராஜேந்திரனின் கல்வெட்டு இப்போரை விரிவாகச் சொல்கிறது. அம்புகள் தைத்தும் அசையாமல் யானைமேல் நின்ற ராஜேந்திரன், புறங்காட்டிய ஆகவமல்லன், பிடிபட்ட யானைகள், பிடிபட்ட அரசியர். கன்னட நாட்டில் அண்ணிகேரிப் பகுதியில் 1071-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. சோழன் பெள்வொல நாட்டுக்குள் புகுந்து சமணக் கோயில்களைச் சுட்டெரித்தான். அந்தப் பாவத்துக்குக் கூலியாகத் தன் தலையைச் சாளுக்கியனிடம் இழந்தான். இதில் எது பொய்? எதுவும் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்தப் போரில் மூத்தவன் ராஜாதிராஜன் யானை மீதே கொல்லப்பட்டான். பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் அவனை யானைமேல் துஞ்சின தேவர் என்று மரியாதையோடு குறிப்பிடுகின்றன. தம்பி ராஜேந்திரன் களத்திலேயே முடி சூடிப் போரைத் தொடர்ந்து வென்றான். சாளுக்கியக் கல் முற்பகலோடு நின்றுவிட்டது என்றும் சோழக் கல் பிற்பகலில் தொடங்கியது என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கல்லும் உண்மையைத்தான் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு நாள்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். மெய்க்கீர்த்தி என்பது ஓர் இலக்கிய வகை, அதில் நடுநிலையை எதிர்பார்ப்பது பரணியில் அகிம்சையை எதிர்பார்ப்பது போல என்று நண்பர்கள் சொல்வார்கள். சரிதான். முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி என்பது அரசு தயாரித்து அனுப்பிய வாசகம். ஊருக்கு ஊர் அதே சொற்கள். ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகள் கூடச் சேர்க்கப்படும். தோல்வி சேர்க்கப்படாது. இப்படி வளர்வதை வைத்தே எந்தப் போர் எந்த ஆண்டில் நடந்தது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. நம் காலத்தில் இதற்குப் பத்திரிகைக் குறிப்பு என்று பெயர். ஆகவே வீரராஜேந்திரனின் எழுத்தர் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் தம் வேலையைச் செவ்வனே செய்தார். அவர் தமிழ் அழகான தமிழ்.

என் குறை நம் மீது. நாம் அந்தப் பத்திரிகைக் குறிப்பை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பத்திரிகைக் குறிப்பாகவே வாசிக்கிறோம். இதே மணிமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டிலும் ஒரு போர் நடந்தது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் இரண்டாம் புலிகேசியை வென்றான் என்றும், ஓடுகிறவனின் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றி என்ற எழுத்தை எழுதினான் என்றும் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் போர்களின் காலத்தை வைத்துத்தான் கல்கி சிவகாமியின் சபதத்தை எழுதினார். அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் பதினைந்து வயதில் புலிகேசி என்றால் ரத்தம் கொதித்தது. ஐஹொளெ கல்வெட்டில் அதே புலிகேசியைப் பற்றி ரவிகீர்த்தி என்ற புலவன் பாடியிருப்பதும், அதில் பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டவனாகக் காட்சி தருவதும் தெரியவந்தபோது எனக்கு முப்பது கடந்திருந்தது. கர்நாடகத்தில் ஒரு பையன் அதைப் படித்துத்தான் வளர்ந்திருப்பான். எங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி வரலாறு தரப்பட்டிருக்கிறது. பாதி வரலாறு கையிலிருக்கிறவன்தான் அதிகம் சத்தம் போடுவான் என்பதைக் காவிரிப் பிரச்சினையில் பேருந்துகள் எரிந்தபோது நாம் பார்த்தோம்.

மறுகரையின் கல்லைப் படிக்க வெகுதூரம் போகவும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே காஞ்சிபுரம் போனால் கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணில் கன்னட எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. அதுவும் தற்புகழ்ச்சிதான். ஆனாலும் பல்லவர்கள் திரும்பி வந்த பிறகு அதைச் சுரண்டி அழிக்கவில்லை. சோழர்களும் அழிக்கவில்லை. எதிரியின் பத்திரிகைக் குறிப்பைத் தன் கோயிலிலேயே இருக்க விட்ட பொறுமை நம் முன்னோர்களிடம் இருந்தது. நாம் அவர்களிடமிருந்து வெற்றித்தூணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதெல்லாம் பழங்கதை, தொழிற்சாலைச் சாலையில் போகிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு ஜூன் 15 இரவு, லடாக்கில் கல்வான் ஆற்றின் கரையில் இந்தியப் படையினரும் சீனப் படையினரும் கைகலந்தார்கள். துப்பாக்கி சுடவில்லை. கற்களாலும் தடிகளாலும் அடித்துக்கொண்டார்கள். இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் ஒருவரும் அவர்களில் உண்டு. எங்கோ பனியில் ஓடும் ஆறு அது. ஆனால் அந்த மாத இறுதியிலேயே சென்னைத் துறைமுகத்தில் சீனச் சரக்குகள் சோதனைக்காகத் தேங்கின. உதிரிபாகம் வராமல் இந்தப் பகுதியின் கைப்பேசித் தொழிற்சாலைகள் தவித்தன. சீனத் தொழில்நுட்பர்களுக்கு விசா கிடைப்பது பின்னர் பல வருடங்கள் கடினமாக இருந்தது. அதே சமயம், சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட வணிகப் பகையின் காரணமாகவே சீனாவிலிருந்த கைப்பேசி வேலைகளில் ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தது. இங்கே விடுதியில் தங்கி இரவு ஷிப்டில் ஸ்க்ரூ முடுக்கும் பெண்ணின் வேலை, அவள் பார்த்தேயிராத ஆறுகளின் கரையில் தீர்மானிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மணிமங்கலத்து உழவனின் நெல்லும் அப்படித்தான் ஒரு மாதம் துங்கபத்திரைக் கரையில் தீர்ந்திருக்கும்.

கல்வானிலும் இரண்டு கற்கள் வெட்டப்பட்டன. இரண்டு அரசுகளும் மற்றவரே கோட்டைத் தாண்டினார் என்றன. சீனா தன் பக்கத்தில் 4 பேர் இறந்ததாக அறிவித்ததே 2021 பிப்ரவரியில், எட்டு மாதம் கழித்து. அந்த ராணுவக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமங்கலத்து எழுத்தர் நினைவுக்கு வருவார். சொல்லாமல் விட்டது எது என்று பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். ஆற்றங்கரைச் சண்டைகளைப் பற்றி எந்த அரசு எழுதினாலும், அதில் எதிரி ஏன் அப்படி நடந்துகொண்டான் என்பதற்கான காரணம் இருக்காது. அவன் கோழை, அல்லது பேராசைக்காரன், அவ்வளவுதான். காய்ச்சல் இருந்திருக்கலாம் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். இப்படிச் சொல்வதால் எதிரி நல்லவன் ஆகிவிடமாட்டான். ஆகவமல்லனும் ஊர்களைக் கொளுத்தியவன்தான். ஆனால் எதிரிக்கும் காரணம் உண்டு என்று நினைக்கத் தெரியாத தூதன் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் உதவமாட்டான். அப்படி நினைக்கத் தெரியாத வாசகன் எந்த இலக்கியத்துக்கும் உதவமாட்டான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்தக் கூடல்சங்கமம் எங்கே இருக்கிறது என்றே அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. துங்கையும் பத்திரையும் சேரும் கூடலி என்பர் சிலர். கிருஷ்ணையும் துங்கபத்திரையும் சேருமிடம் என்பர் சிலர். கிருஷ்ணையோடு மலப்பிரபா சேரும், பிற்காலத்தில் பசவண்ணரால் புகழ்பெற்ற கூடலசங்கமம் என்பாரும் உண்டு. வெற்றித்தூணையும் காணோம். ஒரு மாதம் காத்திருந்து மானத்தை நிலைநாட்டிய இடத்தை இன்று வரைபடத்தில் தொட்டுக் காட்ட முடியவில்லை. மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு கல்வெட்டுகளில் வருமே கோயில் நிலம், வரி, ஊர்க்கணக்கு, அவற்றையாவது ஊரில் தேடிப் பார்க்கலாம். அந்தக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டதே அதற்காகத்தான். போர் அவற்றின் முகவுரை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போய்விட்டு, அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். சென்னை குடிக்கும் நீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்து போகிறது. இதற்கு மழைநீர் மட்டும் வருவதில்லை. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணை நீரில் ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983-இல் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. 1996-இல் நீர் பூண்டிக்கு வந்தது. பூண்டியிலிருந்து கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் வருகிறது. அந்த நீர் எடுக்கப்படும் ஸ்ரீசைலம் அணைக்கு மேலேயே துங்கபத்திரை கிருஷ்ணையோடு கலந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய அளவு பெரும்பாலான வருடங்களில் வந்ததில்லை. தாமதம், புகார், கடிதம், மறுகடிதம் எல்லாம் உண்டு. எனினும் வருகிறது. ராஜாதிராஜன் தலையைக் கொடுத்தும், வீரராஜேந்திரன் ஒரு மாதம் காத்திருந்தும் மணிமங்கலத்துக்குக் கொண்டுவர முடியாத அந்த ஆற்றை, பெயர் தெரியாத சில பொறியாளர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, ஒருவருக்கொருவர் ஓலை எழுதி, இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. ஏரியில் அன்று நீர் பாதிதான் இருந்தது. அதில் எந்தப் பங்கு துங்கபத்திரையுடையது, எந்தப் பங்கு போன மாதத்து மழை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.